வெள்ளிக்கிழமைகளில் நின்ற எஞ்சின்

எங்கள் வீட்டுக்குப் பதினான்கு வருடங்களாக விறகு உடைத்தவரின் வலது தோள்மூட்டு, ஆவணி மாதத்துப் புதன்கிழமை ஒன்றில், எங்கள் கொல்லையிலேயே இறங்கிவிட்டது. புளியங்கட்டை. கோடாலி பாதி இறங்கிச் சிக்கிக்கொண்டது. அவர் உலுக்கி இழுத்தார். கோடாலி வரவில்லை, கை வந்துவிட்டது. அப்போது மணி ஒன்பது ஐம்பது. அன்றைய சாய விவரங்களுக்குக் கீழே அந்த நேரத்தையும் நோட்டில் எழுதியிருக்கிறேன். அந்தத் தோள் இறங்கியது அது இரண்டாவது தடவை. ஆஸ்பத்திரியில் மூட்டைப் பொருத்திக் கட்டுப் போட்ட டாக்டர், இனி ஒருமுறை இறங்கினால் அந்தக் கையால் சோறு மட்டும்தான் சாப்பிடலாம், கோடாலி தூக்க முடியாது என்றார்.

வெளியே வந்ததும் அவர் என்னிடம் கேட்டார்: "கோடாலி தூக்காம சோறு எங்கிட்டிருந்துண்ணே வரும்?"

அவர் என்னை அண்ணே என்பார். நானும் அவரை அண்ணே என்பேன். அவர் பிறந்த வருடம் அவருக்கே சரியாகத் தெரியாது. யார் மூத்தவர் என்று தீர்க்க முடியாததால் பதினான்கு வருடமும் இருவரும் ஒருவருக்கொருவர் அண்ணனாகவே இருந்துவிட்டோம். அவருடைய ஊர் திருவாதவூர். அங்கிருந்து பஸ் மாறி வில்லாபுரத்தில் எங்கள் வீட்டுக்கு ஏழு மணிக்கு வந்துவிடுவார். வாரத்தில் நான்கு நாள்: திங்கள், புதன், வெள்ளி, சனி.

வீட்டுக் கொல்லையில்தான் எங்கள் நூல் சாயத் தொழில். இரண்டு பெரிய அண்டாக்கள், இரண்டு அடுப்புகள், வெயிலில் நூல் காயப்போட மூங்கில் கட்டிய பந்தல். சாயத் தண்ணீரின் கொதி குறைந்தாலும் கூடினாலும் நிறம் மாறிவிடும். போன மாதத்துச் சிவப்பும் இந்த மாதத்துச் சிவப்பும் ஒன்றாக இருக்க வேண்டுமானால் எல்லாவற்றையும் எழுதி வைத்தாக வேண்டும். தண்ணீர் எத்தனை குடம், சாயம் எத்தனை கிராம், எத்தனை நிமிடம் கொதித்தது, அடுப்பில் என்ன விறகு. பக்கத்தின் ஓரத்தில் அன்று முக்கியெடுத்த நூலில் ஒரு துண்டை ஒட்டிவிடுவேன். அப்படித் தொடங்கிய பழக்கத்தில் மற்றவையும் நோட்டுக்குள் வந்துவிட்டன. இதை எழுதும்போது அந்த நோட்டு என் பக்கத்தில்தான் இருக்கிறது. தொண்ணூறுகளின் கடைசியில் வாங்கியது. நீள நோட்டு, நீல அட்டை.

கட்டு அவிழ்ந்த பிறகு அவர் ஒருநாள் வந்தார். உட்காரவில்லை.

"திருப்பூர்ல மச்சினன் வாட்ச்மேன் வேல பாத்து வச்சிருக்கான்ணே. தை பொறந்ததும் போறேன். பொங்கலக்கூட அங்கிட்டுத்தான் பாக்கணும்."

"வீடு?"

"அதுக இங்கதான். பொம்பளைக்குக் களையெடுப்பு இருக்கு, பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் இருக்கு. நா மட்டும் ஒரு கேட்டுக்கு முன்னால ஸ்டூலப் போட்டு உக்காந்திருப்பேன். யாராச்சும் வந்தா எந்திரிக்கணும், போனா உக்காரணும்."

இதைச் சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் கைகள் விறகுக் குவியலில் ஒரு கட்டையை எடுத்து, கணு எந்தப் பக்கம் என்று திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தன.

அன்று மாலையே லேத் பட்டறைக்குப் போனேன். அவனியாபுரம் சாலையில் இருந்தது. அதை நடத்தியவரை எல்லோரும் பாய் என்றே கூப்பிடுவோம். ரப்பர் மரம் பிளக்கும் ஒரு யந்திரத்தைக் கேரளாவில் பார்த்ததாக அவர் முன்பு ஒருமுறை சொல்லியிருந்தார். ஒரு சாண் நீளத்துக்கு இரும்புக் கூம்பு, அதன்மேல் திருகாணி போல மரை. அது சுழலும்போது கட்டையைக் காட்டினால் முனை உள்ளே ஏறும். ஏற ஏறக் கூம்பு பருத்துக்கொண்டே போவதால் கட்டை இரண்டாகப் பிளந்துவிடும். ஓங்க வேண்டாம், அடிக்க வேண்டாம், தோளுக்கு வேலையே இல்லை.

பாய் சொன்னார்: "கூம்பு கடைஞ்சு தர்றது என் வேல. அத எதுல மாட்டுறீங்க, எப்படிச் சுத்துறீங்க, அதுக்கெல்லாம் நா ஜவாப்தாரி இல்ல."

சுற்றுவதற்கு என்னிடம் ஒரு எஞ்சின் இருந்தது. சோழவந்தானில் ஒரு வெற்றிலைக் கொடிக்காலுக்குத் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்த மூன்று குதிரைத்திறன் எஞ்சின். அங்கே கரண்ட் மோட்டார் வந்ததும் எங்கள் கிணற்றுக்காக வாங்கினேன். பிறகு எங்கள் கிணற்றுக்கும் மோட்டார் வந்துவிட்டதால் அது கொட்டகையில் சாக்குப் போர்த்திக் கிடந்தது. பெட்ரோலில் கிளம்பி மண்ணெண்ணெயில் ஓடும் வகை. கயிற்றைச் சுற்றி இழுத்துக் கிளப்ப வேண்டும். இரண்டு நிமிடம் சூடானதும் குழாயைத் திருப்பி மண்ணெண்ணெய்க்கு மாற்ற வேண்டும்.

ஆனால் அது தண்ணீர் இறைக்கப் பிறந்த எஞ்சின். நிமிடத்துக்கு ஏறக்குறைய மூவாயிரம் சுற்று. முதல் தடவை அதன் தண்டில் மூன்றங்குலப் புல்லியும் கூம்பின் தண்டில் ஒன்பதங்குலப் புல்லியும் போட்டுப் பெல்ட்டை மாட்டினேன். கூம்பு ஆயிரம் சுற்றுச் சுற்றியது. நான் காட்டிய கருவேலங்கட்டை அதில் மாட்டியதும் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு மூன்று முறை சுழன்று, பறந்துபோய்ப் பந்தல் மூங்கிலை அடித்தது. அன்று முக்கியெடுத்த பச்சை நூல் முழுவதும் சேற்றில் விழுந்தது.

என் மனைவி சமையல்கட்டிலிருந்து ஓடிவந்து பார்த்தாள். வீட்டுக்குள் நாங்கள் எங்கள் பாஷையில்தான் பேசிக்கொள்வோம். ஆனால் அண்ணன் இருக்கும்போது அவள் தமிழில்தான் திட்டுவாள். திட்டில் அவருக்கும் பங்கு போக வேண்டும் என்பது அவளுடைய நியாயம்.

"விறகு ஒடைக்கச் சொன்னா ரெண்டு பேரும் ராக்கெட் விடுறீங்களா? எங்க, அடுத்தது யார் தலைக்கு?"

"பம்பரம் கொஞ்சம் வேகமா சுத்திருச்சு மதினி," என்றார் அவர்.

அன்றிலிருந்து அந்தக் கூம்புக்குப் பம்பரம் என்று பெயர்.

புரட்டாசி முழுவதும் அந்த எஞ்சினோடுதான் கழிந்தது. வேகத்தைக் குறைக்க நடுவில் இன்னொரு தண்டு வைத்தேன். மூன்றுக்கு ஒன்பது, மறுபடி மூன்றுக்குப் பத்து. பம்பரம் இப்போது நிமிடத்துக்கு முந்நூறு சுற்றுதான். கட்டை சுழலாமலிருக்க அடியில் ஒரு இரும்புத் தடுப்பு. அதற்குப் பிறகு ஒன்றும் பறக்கவில்லை, ஆனால் கணு வந்தால் எஞ்சின் திணறி நின்றது. பழைய கரும்புச் சாறு யந்திரத்தின் வார்ப்பிரும்புச் சக்கரம் ஒன்றைத் தேடிப் பிடித்து நடுத்தண்டில் மாட்டினேன். அந்தச் சக்கரம் வேகம் எடுத்துவிட்டால் சின்னக் கணுக்களை அதன் கனமே உடைத்துத் தள்ளிவிடும். பெரிய கணுவில் எஞ்சின் உடனே முறுக்கு எடுக்க வேண்டும் என்பதற்காக வேகத்தைக் கட்டுப்படுத்தும் கவர்னரின் ஸ்பிரிங்கை மாற்றினேன். நான்கு ஸ்பிரிங் போட்டுப் பார்த்து, மூன்றாவதை வைத்துக்கொண்டேன். வேட்டி பெல்ட்டில் மாட்டக் கூடாது என்று இருவரும் அரை டவுசருக்கு மாறினோம். "ரெண்டு பேரையும் ஸ்கூல்ல சேத்துவிடவா?" என்று மனைவி கேட்டாள்.

கடைசியாகச் செய்த மாற்றம் டேங்க். அது எஞ்சினின் தலையை ஒட்டி, காற்றாடி உறைக்குக் கொஞ்சம் தாழ்வாக உட்கார்ந்திருந்தது. தொடர்ந்து ஓடும்போது சூட்டில் மண்ணெண்ணெய் கொதித்தது. அதைக் கழற்றி, பக்கத்தில் ஓரடி உயரத்துக்கு இரும்புத் தாங்கி வைத்து அதன்மேல் ஏற்றினேன். எல்லாவற்றையும் பழைய தள்ளுவண்டி ஒன்றின் சட்டத்தில் பொருத்தி முடித்தபோது ஐப்பசி பாதி ஆகிவிட்டது.

அண்ணன் முதல் கட்டையை இடது கையாலும் இடுப்பாலும் தள்ளிக் காட்டினார். பம்பரம் அதைத் தானே உள்ளே இழுத்துக்கொண்டது. ஒரு சத்தம், அவ்வளவுதான். இரண்டு பிளவும் இரண்டு பக்கம் சாய்ந்தன. அவர் பிளவை எடுத்து முகர்ந்து பார்த்தார். பிறகு தன் வலது தோளைத் தொட்டுப் பார்த்தார்.

"இவன் சும்மாவே நிக்கிறான்ணே," என்றார்.

எங்கள் வீட்டு விறகு அவருக்குப் போதாது. அவர் திருப்பூர் போகாமலிருக்க வேண்டுமானால் நிலையான வேலை வேண்டும். அதற்கு ஒரே இடம் அவனியாபுரம் விறகுக் கடை. கடையின் பின்புறத்தில் வருடக்கணக்காகச் சேர்ந்த அடிக்கட்டைகள் மலைபோலக் கிடந்தன. புளி, வேம்பு, கருவேல், எல்லாம் வேரும் கணுவுமாக முறுக்கிக்கொண்டவை. அங்கே கோடாலி பிடிக்கும் நான்கு பேரும் அவற்றைத் தொட மாட்டார்கள். போய்ப் பேசினோம். முதலாளி பெருத்த உடம்புக்காரர். தராசுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்.

"பம்பரம் விடுற வயசாண்ணே இது?" என்று என்னைக் கேட்டார். பிறகு, "சரி, கொண்டாங்க. விடிஞ்சதிலிருந்து உச்சி வரைக்கும் நிக்காம ஓடணும். ஓடுச்சுன்னா கட்ட பூராவும் உங்காளுக்குத்தான். வருசம் பூரா வேல தாரேன். ஆனா கார்த்திகைக்குள்ள பாத்துக்கங்க. மார்கழில நா புதுசா ஒண்ணும் தொடங்க மாட்டேன்," என்றார்.

மார்கழி போனால் தை. தை பிறந்தால் திருப்பூர். கணக்கு எல்லோருக்கும் புரிந்தது.

கார்த்திகை மூன்றாம் வெள்ளி. நல்ல நாள் என்று முதலாளியே குறித்தார். வெள்ளிக்கிழமைதோறும் எங்கள் வீட்டில் தராசு, அண்டா, அடுப்பு எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைப்பது வழக்கம். யந்திரம் வந்த பிறகு அதற்கும் வைக்கிறோம். அன்றும் விடிவதற்குள் குளித்து, யந்திரத்தைத் துடைத்து, பொட்டு வைத்து, சூடம் காட்டி, இருவரும் தள்ளிக்கொண்டு போனோம். ஏழு பத்துக்குக் கிளப்பினோம். வேம்பு ஒன்று, கருவேல் இரண்டு சீராகப் பிளந்தன. கோடாலிக்காரர்கள் பீடியை அணைத்துவிட்டு எழுந்து வந்து பார்த்தார்கள். முதலாளியும் நாற்காலியைத் திருப்பிப் போட்டார்.

ஏழு முப்பத்திரண்டுக்கு எஞ்சின் இருமியது. இரண்டு முறை குலுங்கி நின்றுவிட்டது.

அண்ணன் பாய்ந்துபோய் டேங்க் மூடியைத் திறந்து பார்த்தார். மண்ணெண்ணெய் நிறைய இருந்தது. மூடி, பெட்ரோலில் கிளப்பி, மறுபடி மாற்றினோம். ஓடியது. ஏழு ஐம்பத்தெட்டுக்கு நின்றது. மறுபடி திறந்து பார்த்து, மூடி, கிளப்பினோம். எட்டு இருபத்துநான்குக்கு மூன்றாவது தடவை.

"என்ன மாமா, எஞ்சினுக்குப் பசிக்குதா? டீ வாங்கி ஊத்தவா?" என்றான் கோடாலிக்காரர்களில் இளையவன்.

"இல்ல மாப்ள, பம்பரத்துக்குச் சாட்டை வேணுமாம்," என்றான் இன்னொருவன்.

முதலாளி சிரிக்கவில்லை. அதுதான் எனக்கு அதிகம் உறைத்தது. நாற்காலியைப் பழையபடி திருப்பிப் போட்டுக்கொண்டார். அண்ணன் அவர் முன்னால் போய் நின்றார்.

"அடுத்த வெள்ளி ஒரு தடவ பாத்துருங்க முதலாளி."

"அதான்யா கார்த்திகையில கடைசி வெள்ளி. அதுலயும் நின்னா எங்கிட்ட வரக் கூடாது."

யந்திரத்தைத் திரும்பத் தள்ளிக்கொண்டு வந்தோம். வீட்டு வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு அண்ணன் சொன்னார்: "மச்சினனுக்கு வாரேன்னு சொல்லி விட்டுட்டேன்ணே. நீங்க மனசுல ஒண்ணும் வச்சுக்காதீக. நீங்க பண்ணுனது கொஞ்சமா?"

அந்த வாரம் நான் செய்தவை எல்லாம் நோட்டில் வரிசையாக இருக்கின்றன. கார்புரேட்டரைக் கழற்றிக் கழுவினேன். மண்ணெண்ணெயில் தண்ணீர் இருக்குமோ என்று துணியில் வடிகட்டினேன். பழைய ஸ்பிரிங்கை மாட்டினேன். பாய் வந்து பார்த்துவிட்டு, டேங்கைத் தூக்கி வைத்ததுதான் கோளாறு, கொடிக்காலில் இருந்தவரைக்கும் ஒழுங்காக ஓடிய எஞ்சினை நான்தான் கெடுத்துவிட்டேன் என்றார். அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. டேங்க் ஏறிய பிறகுதான் இந்த நோய் வந்தது. ஆனால் சனிக்கிழமை இரண்டு மணி நேரம் நிற்காமல் ஓடியது. திங்களும் புதனும் அப்படியே.

"இதுக்கு ஆளு தெரியுதுண்ணே," என்றார் அவர். "வெறகுக்கடைக்காரரக் கண்டா மட்டும் நின்னுக்கிருது."

புதன்கிழமை மாலை நோட்டை எடுத்து, டேங்க் ஏற்றிய நாளிலிருந்து படித்தேன். நாள், கிளப்பிய நேரம், நிறுத்திய நேரம், எத்தனை கட்டை, தானாக நின்ற தடவை என்று ஐந்து பத்தி. நடுவில் மழையில் ஓட்டாத நாட்களைக் கழித்தால் இருபத்துமூன்று நாள் ஓடியிருக்கிறது. தானாக நின்றது நான்கு நாள். முந்தைய மூன்று தடவையும் மழைக்காலத்து ஈரம் என்று நினைத்து விட்டுவிட்டோம். நான்கு நாட்களுக்கும் கிழமையைப் பார்த்தேன். நான்கும் வெள்ளி. நிற்காத வெள்ளி இரண்டுதான் இருந்தன. இரண்டு நாளும் மழை வந்து பதினைந்து நிமிடத்தில் நாங்களே நிறுத்தியிருக்கிறோம்.

இன்னொன்றும் தெரிந்தது. கிளப்பியதற்கும் நின்றதற்கும் நடுவில் எப்போதும் இருபதிலிருந்து இருபத்துமூன்று நிமிடம். அழுக்கு இவ்வளவு ஒழுங்காக அடைக்காது.

மனைவியிடம் சொன்னேன். அவள் முறத்தில் அரிசியைப் புடைத்துக்கொண்டே கேட்டாள்: "வெள்ளிக்கிழமை விரதம் இருக்குதோ என்னமோ?"

சாயத்தில் நிறம் தவறினால் நான் செய்யும் காரியம் ஒன்று உண்டு. தவறிய நாளன்று என்னென்ன செய்தோமோ அதே வரிசையில், ஒன்றுகூட விடாமல், மறுபடி செய்து பார்ப்பேன். மறுநாள் வியாழன். வியாழனை வெள்ளியாக்கினேன். விடிவதற்குள் குளித்தேன். எஞ்சினை மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்தேன். டேங்கை முக்கால் அளவு நிரப்பினேன். சந்தனம், குங்குமம், சூடம். எல்லாம் ஆனதும் கயிற்றை இழுத்தேன். அன்று அண்ணன் வரும் நாள் இல்லையாதலால் மனைவியே கட்டைகளை எடுத்துக் கொடுத்தாள்.

இருபத்திரண்டாவது நிமிடத்தில் எஞ்சின் இருமியது. நின்றது.

எனக்கு அந்தக் கணத்தில் வந்தது மகிழ்ச்சிதான். வியாழக்கிழமையும் நிற்கிறது என்றால் கோளாறு கிழமையில் இல்லை, நாங்கள் செய்யும் ஏதோ ஒன்றில் இருக்கிறது.

எஞ்சின் நின்றாலும் அந்தக் கரும்புச் சக்கரம் ஒன்றரை நிமிடம் கடகடவென்று சுற்றிக்கொண்டே இருக்கும். மற்ற நாட்களில் அந்தச் சத்தத்துக்குள்ளேயே அண்ணன் மூடியைத் திறந்துவிடுவார். இன்று நான் சக்கரம் முழுவதுமாக அடங்கும்வரை காத்திருந்தேன். கொல்லை அமைதியான பிறகு மூடியைத் திருகினேன்.

"ஸ்ஸ்" என்று ஒரு சத்தம்.

"மூச்ச உள்ள இழுக்குது," என்றாள் மனைவி. அவள் நாலடி தள்ளி நின்றிருந்தாள்.

மூடியைக் கையில் எடுத்துத் திருப்பினேன். உட்புறத்தில், நடுவில், ஊசி நுழையும் அளவு ஒரு துளை. மேற்புறத்தில் அந்த இடத்தில் நான் வைத்த சந்தனப் பொட்டு, அதன்மேல் குங்குமம். டேங்கிலிருந்து மண்ணெண்ணெய் இறங்க இறங்க, அந்த இடத்துக்குக் காற்று உள்ளே போக வேண்டும். அதற்காக எஞ்சின் செய்தவர் விட்டிருந்த துளை அது. காற்று போகாவிட்டால் சிறிது நேரத்தில் மண்ணெண்ணெய் இறங்குவது நின்றுவிடும். நாங்கள் ஒவ்வொரு தடவையும் மூடியைத் திறந்து பார்த்தபோது காற்று போயிருக்கிறது, அடுத்த இருபத்திரண்டு நிமிடத்துக்கு உயிர் வந்திருக்கிறது. சனிக்கிழமை காலை துடைக்கும்போது காய்ந்த சந்தனம் உதிர்ந்துவிடும். ஆகவே சனிக்கிழமை கோளாறு இல்லை.

டேங்கை உயர்த்துவதற்கு முன்னால் யந்திரத்தில் உயரமான இடம் எஞ்சினின் காற்றாடி உறை. பொட்டு அங்கேதான் போனது. டேங்க் உயர்ந்ததும் உயரமான இடம் அதன் மூடி. எதற்குப் பொட்டு வைத்தாலும் உச்சியில், சரியாக நடுவில் வைப்பது என் பழக்கம். வேறு யாராவது வைத்திருந்தால் அரை அங்குலம் தள்ளிப் போயிருக்கும், எஞ்சினும் ஓடியிருக்கும்.

மனைவி தாலிச் சங்கிலியில் கோத்திருந்த ஊக்கைக் கழற்றி, துளையைக் குத்திச் சுத்தம் செய்தாள். ஊதிப் பார்த்தாள். பிறகு மூடியை என் கையில் கொடுத்துவிட்டுச் சொன்னாள்:

"நெத்தியில பொட்டு வெக்கலாம். மூக்கு ஓட்டையிலயா வெப்பாங்க?"

அன்று நான் எஞ்சினை இரண்டரை மணி நேரம் ஓட்டினேன். நிற்கவில்லை. வீட்டில் உடைக்கக் கட்டை தீர்ந்துபோய் நானே நிறுத்தினேன். கோளாறு தேடும்போது கழற்றிய மூன்றாவது ஸ்பிரிங்கை மறுபடி மாட்டினேன். டேங்க் இருந்த இடத்திலேயே இருந்தது.

வெள்ளிக்கிழமை விடியும்போது அண்ணன் வந்தார். வெளுத்த சட்டை போட்டிருந்தார். வேலைக்கு வருகிற சட்டை அல்ல. விடைபெறுகிற சட்டை என்று எனக்குப் பட்டது. மூடியைக் காட்டி விஷயத்தைச் சொன்னேன். பொட்டு வைத்தது நான்தான் என்பதையும் சொன்னேன். அவர் மூடியைக் கண்ணுக்கு நேரே பிடித்துத் துளை வழியாக வானத்தைப் பார்த்தார்.

"அம்புட்டுத்தானா?"

"அம்புட்டுத்தான்ணே."

"ஏண்ணே, நா திருப்பூர் போகப் பாத்தது இந்தச் சந்தனத்துக்காகவா?"

அப்புறம் அவர் சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டுக்காரர்கள் மாடியிலிருந்து எட்டிப் பார்த்தார்கள். சட்டையைக் கழற்றிக் கொடியில் போட்டுவிட்டு, அரை டவுசரோடு வண்டியின் கைப்பிடியைப் பிடித்தார்.

விறகுக் கடையில் போன வாரத்தைவிடக் கூட்டம். டீக்கடையிலிருந்து நாலைந்து பேர் வந்திருந்தார்கள். பாயும் பட்டறையைப் பூட்டிவிட்டு வந்து ஓரமாக நின்றார். நாங்கள் காற்றாடி உறையில் பொட்டு வைத்து, சூடம் ஏற்றிக்கொண்டிருந்தோம். அப்போது முதலாளியே ஒரு கிண்ணத்தில் சந்தனம் குழைத்துக்கொண்டு வந்தார்.

"போன வாரம் உங்க பொட்டுல ராசி இல்ல. இன்னைக்கி எங்கையால வெக்கிறேன்," என்று, கட்டைவிரல் நிறையச் சந்தனத்தை எடுத்துக்கொண்டு நேராக டேங்க் மூடிக்குப் போனார்.

அண்ணன் தன் இடது கையை நீட்டி மூடியைப் பொத்திக்கொண்டார். முதலாளியின் சந்தனம் முழுவதும் அவருடைய புறங்கையில் அப்பியது.

"ஏய்யா, என்னய்யா இது! சாமி காரியம்யா!"

"சாமி காரியந்தான் முதலாளி. ஆனா அது மூக்கு. இங்கிட்டு இருக்கு பாருங்க நெத்தி, இதுல வைங்க."

முதலாளி அவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், காற்றாடி உறையைப் பார்த்தார். மிச்சச் சந்தனத்தை அதில் வைத்தார்.

ஏழு ஐந்துக்குக் கிளப்பினோம். ஏழு இருபத்தேழு ஆனபோது நான் கைக்கடிகாரத்தைப் பார்த்தேன், அவர் என்னைப் பார்த்தார். எஞ்சின் இருமவில்லை. எட்டு மணிக்குக் கோடாலிக்காரர்கள் கேலி செய்வதை நிறுத்திவிட்டுக் கட்டைகளை உருட்டிக்கொண்டு வந்து கொடுக்கத் தொடங்கினார்கள். ஒன்பது மணிக்கு அந்த இளையவன் பிளவுகளை அடுக்கிக்கொண்டிருந்தான். மண்ணெண்ணெயைக்கூட எஞ்சினை நிறுத்தாமலே ஊற்றினோம். புனல் வைத்து ஊற்றியது பாய். கேட்காமலே வந்து ஊற்றினார். ஊற்றி முடித்து, மூடியைப் போடும் முன் துளையை ஒருமுறை வாயால் ஊதினார். பதினோரு மணிக்கு நாற்பத்தொரு கட்டை என்று எழுதியிருக்கிறேன்.

கடைசியில் கோடாலிக்காரர்கள் குவியலிலிருந்து ஒரு பெரிய புளியங்கட்டையை உருட்டிக்கொண்டு வந்தார்கள். மூன்று கோடாலிப் பிடிகளை உடைத்த கட்டையாம் அது. நாலு பேர் தூக்கித்தான் யந்திரத்தின் மேடைமேல் வைக்க முடிந்தது. அண்ணன் அதைச் சுற்றி வந்தார். கணு எங்கே, முறுக்கு எந்தப் பக்கம் ஓடுகிறது என்று விரலால் தடவிப் பார்த்தார். பிறகு கொஞ்சம் திருப்பி வைக்கச் சொல்லி, இடுப்பால் தள்ளினார்.

முனை ஏறியது. பாதியில் எஞ்சின் குரல் தாழ்ந்தது. பெல்ட்டில் ஒரு கிறீச் சத்தம். ஸ்பிரிங் இழுத்து, எஞ்சின் முறுக்கு எடுத்து, கரும்புச் சக்கரம் தன் கனம் முழுவதையும் கொடுத்தது. கட்டைக்குள்ளிருந்து முதலில் ஒரு முனகல் வந்தது. அடுத்து வெடிச்சத்தம். தராசுக்குப் பக்கத்தில் இருந்தவர்கள்கூட ஓரடி பின்வாங்கினார்கள். கட்டை இரண்டாக விழுந்தது. உள்ளே புளியமரத்தின் வயிரம் கருத்துப் பளபளவென்று இருந்தது.

"போடு!" என்று கத்தியது அந்த இளைய கோடாலிக்காரன்தான்.

பன்னிரண்டு பத்துக்கு நாங்களே எஞ்சினை நிறுத்தினோம். நாற்பத்தெட்டு கட்டை. தானாக நின்ற தடவை என்ற பத்தியில் ஒரு பெரிய வட்டம் போட்டிருக்கிறேன், வழக்கத்தைவிட இரண்டு மடங்கு பெரிதாக. சக்கரம் கடகடவென்று சுற்றி அடங்கியது. முதலாளி எழுந்து வந்து பிளந்த புளியங்கட்டையைக் காலால் தட்டிப் பார்த்தார்.

"நாளையிலிருந்து வந்துரு. மார்கழி வாரதுக்குள்ள தொடங்குனதாவே இருக்கட்டும்," என்றார். "ஆமா, பொங்கலுக்கு எங்கிட்டோ போறேன்னு சொன்னியாமே. எங்கய்யா?"

அண்ணன் புறங்கையில் காய்ந்திருந்த சந்தனத்தைத் துடைக்கவில்லை. அந்தக் கையாலேயே தலைத்துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"எங்க போவேன் முதலாளி? திருவாதவூருக்குத்தான். வீட்டுக்கு."